தூரமானிக் கமெராவும் தூரவில்லையும்

மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலராசிரியர் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியத்தினின்றோ தலவரலாற்றினின்றோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் இம்முறை ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுத விழைகின்றேன். அது புதுமையானதன்று, விலையுயர்ந்ததுமன்று. பழைய பிலிம் கமெரா ஒன்றும், அதனோடு பொருத்தப்படும் மலிவான நீண்ட வில்லை ஒன்றுமே ஈண்டுப் பேசப்படும் பொருள்கள். இவற்றை முறையறிந்து கையாளாமையால் யான் இழந்தது ஒன்று உண்டு. அவ்விழப்பு நம் மாணவர்க்கு நேராதிருக்க வேண்டும் என்பதே இதனை எழுதுவதன் நோக்கம்.

1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. கப்பற்றுறையில் எழுதுவினைஞராயிருந்த என் பாட்டனார், ஊர் திரும்பவிருந்த மாலுமி ஒருவரிடம் அக்காலத்தில் ஒரு லைக்கா கமெராவை வாங்கினார். லைக்கா மூன்று-அ எனப்படும் அவ்வகை 1935 இல் வெளிவந்தது. பாட்டனாரின் மறைவுக்குப்பின் அது பல்லாண்டு அலுமாரியில் உறங்கிக் கிடந்து, ஈற்றில் என் கைக்கு வந்தது. அதில் இருந்தது 50 மில்லிமீற்றர்ச் சாதாரண வில்லை மட்டுமே. தொலைவிலுள்ள தோணியையும் மானையும் பெரிதாகக் காட்டும் வில்லை ஒன்று வேண்டுமென ஆசைகொண்டு, சோவியத்து நாட்டிற் செய்யப்பட்ட ஜூப்பிட்டர்-11 என்னும் 135 மில்லிமீற்றர் வில்லையை ஒரு கடையிற் குறைந்த விலைக்கு வாங்கினேன்.

முதற் சுருள் முழுவதும் கடற்கரையில், நல்ல வெயிலில் எடுக்கப்பட்டது. படங்கள் யாவும் தெளிவாயிருந்தன. அத்துணிவுடன், எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் நம் கல்லூரி முற்றத்து வேப்பமரத்தடியில் மாணவர் சிலரோடு உரையாடி நின்ற ஒரு மாலையில், ஏறக்குறையப் பத்து மீற்றர் தூரத்தில் நின்று அவரைப் படம் எடுத்தேன். கமெராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இயல்பினர் அவர். ஆதலின் தூரத்தே நின்றேன். சுருளைக் கழுவிப் பார்த்தபொழுது, அவருக்கு ஆறடி பின்னால் நின்ற வேப்பமரத்தின் பட்டையில் ஒவ்வொரு வெடிப்பும் துலங்கிற்று. ஆசிரியரின் முகமோ பனியில் மறைந்ததுபோல் இருந்தது. மீண்டும் எடுக்கலாம் என எண்ணினேன். அவ்வாண்டு முடியுமுன் அவர் காலமானார்.

தவறு எங்கே நேர்ந்தது? அதனை விளக்கத் தூரமானி என்னும் உறுப்பின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட இரண்டு கோணங்களில் நோக்குகின்றன. பொருள் கிட்ட வருந்தோறும் அக்கோண வேறுபாடு பெருகும். இரண்டு சாளரங்களுக்கு இடைப்பட்ட நீளமும் இக்கோணமும் தெரியுமாயின் பொருளின் தூரத்தைக் கணித்துவிடலாம். ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்றவுட் என்னும் பேராசிரியர் இருவர் 1888 அளவில் இவ்விதியைக் கொண்டு படைத்துறைக்கான தூரமானியை அமைத்தனர். பின்னர் அது பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இடம்பெற்றது. பீரங்கி சுடுதற்கு அளவிட்ட கருவியே சுருங்கிச் சிறு கமெராவின் தலையில் ஏறியது. 1932 இல் வெளிவந்த லைக்கா இரண்டும் கொண்டாக்ஸும் வில்லையோடு இணைக்கப்பட்ட தூரமானியைக் கொண்டிருந்தன. இத்தகைய கமெராவின் கண்ணாடியூடே பார்த்தால் பொருள் இரண்டு உருவமாய்த் தோன்றும். வில்லையின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அவ்விரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான இடத்தில் வில்லை சரியான தூரத்திற்கு அமைந்துவிட்டது என்பது பொருள்.

ஈண்டு ஒரு நுட்பத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். தற்காலக் கமெராக்களிலே நாம் காண்பது வில்லையூடாக வரும் காட்சி. வில்லை பிழைத்தால் காட்சியும் மங்கும். பிழையை உடனே உணர்வோம். தூரமானிக் கமெராவிலோ நாம் நோக்குவது வேறு சாளரத்தினூடாக. பிலிமிற் பதிவது வேறு கண்ணாடியினூடாக. தூரமானி கூறுவதும் வில்லை செய்வதும் உடன்பட்டாலன்றிப் படம் தெளியாது. அவை முரண்பட்டால், படம் கழுவப்படும்வரை அம்முரண்பாடு நமக்குத் தெரியாது.

அவ்வுடன்பாடு எவ்வளவு நுண்ணியது என்பதனைக் கணக்கினாற் காட்டுவேன். வில்லையிலிருந்து, அது மிகத் தொலைவிலுள்ள பொருளைத் தெளிவாகப் பதிக்கும் இடம்வரை உள்ள அளவைக் குவியத்தூரம் என்பர். மிகத் தொலைவிலிருந்து பத்து மீற்றருக்குக் குவியம் மாற்றும்பொழுது, 50 மில்லிமீற்றர் வில்லை முன்னோக்கி நகர்வது ஏறக்குறைய 0.25 மில்லிமீற்றர் மாத்திரமே. 135 மில்லிமீற்றர் வில்லையோ 1.85 மில்லிமீற்றர் நகர்தல் வேண்டும். ஆனால் லைக்காவின் தூரமானி 50 மில்லிமீற்றர் வில்லையின் அசைவுக்கென அமைக்கப்பட்டது. ஆகவே நீண்ட வில்லையின் பிற்பகுதியில் உள்ள வளையம், தன் 1.85 மில்லிமீற்றர் அசைவைத் தூரமானிக்கு 0.25 மில்லிமீற்றராகச் சுருக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏழு மடங்குக்கு மேற்பட்ட சுருக்கம் அது. அவ்வளையத்தில் ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் இரண்டு பங்கு தேய்வு ஏற்பட்டாலும், பிலிமின் பக்கத்தில் அது 0.15 மில்லிமீற்றர்ப் பிழையாய்ப் பெருகும். எஃப் 4 என்னும் அகன்ற துவாரத்தில் பொறுக்கத்தக்க பிழை ஏறத்தாழ 0.12 மில்லிமீற்றரே. எஃப் 11 இல் அது 0.33 மில்லிமீற்றராக விரியும்.

இக்கணக்கைக் கற்றபின்னரே என் பிழை எனக்கு விளங்கிற்று. கொழும்பிலே முதிய திருத்துநர் ஒருவர் அவ்வில்லையைக் கழற்றிப் பார்த்தார். கண்ணாடித் தொகுதிக்கும் அதன் உறைக்கும் இடையில் இருக்கவேண்டிய மெல்லிய உலோக வளையம் அங்கு இல்லை. முன்னொரு காலத்தில் துடைப்பதற்குக் கழற்றிய எவரோ அதனைத் திரும்ப வைக்க மறந்துவிட்டனர். அதன் கனம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் மூன்று பங்கே. கடற்கரை வெயிலில் எஃப் 11 இல் எடுத்தபொழுது அப்பிழை பொறுக்கும் எல்லைக்குள் ஒளிந்திருந்தது. மாலையொளியில் எஃப் 4 இற்குத் திறந்தவுடன் வெளிப்பட்டது. கண்ணாடியிற் குற்றமில்லை, தூரமானியிலும் குற்றமில்லை. இரண்டுக்கும் இடையிலான உடன்பாட்டிலேதான் குற்றம். மலிவான பழைய வில்லை வாங்குவோர் நினைவிற் கொள்ளவேண்டிய தலையாய உண்மை இதுவே.

இனி, இவ்வில்லைகள் மலிந்ததன் காரணத்தை நோக்குவோம். ஜேர்மனியின் லைற்ஸ் நிறுவனம் 1930களின் தொடக்கத்திலேயே 90 மில்லிமீற்றர் எல்மார், 135 மில்லிமீற்றர் ஹெக்டர் ஆகிய வில்லைகளை வெளியிட்டது. கார்ல் சைஸ் நிறுவனம் கொண்டாக்ஸுக்கென 135 மில்லிமீற்றர் சோனார் வில்லையைச் செய்தது. இரண்டாம் உலகப் போரின் பின், அச்சோனாரின் அமைப்பைத் தழுவியே சோவியத்துத் தொழிற்சாலைகள் ஜூப்பிட்டர்-11 ஐப் பெருந்தொகையாகச் செய்தன. யப்பானியரும் லைக்காவின் திருகுக்குப் பொருந்தும் வில்லைகளைச் செய்தனர். 1950 இல் தோக்கியோவிலே யூன் மிக்கி என்னும் யப்பானியப் படப்பிடிப்பாளர், லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கனை 85 மில்லிமீற்றர் நிக்கோர் வில்லையாற் படம் எடுத்தார். அப்படத்தின் தெளிவைக் கண்டு வியந்த டங்கன், அவ்வில்லைகளைச் செய்த தொழிற்சாலைக்கே சென்று பரிசோதித்து, கொரியப் போர்க்களத்தில் அவற்றைத் தம் லைக்காவிற் பயன்படுத்தினார். யப்பானிய வில்லைகளின் பெயர் மேனாடுகளிற் பரவியமைக்கு அந்நிகழ்ச்சி ஒரு காரணமாயிற்று.

1959 இல் நிக்கொன் எஃப் என்னும் ஆடிக்கமெரா வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. வில்லையூடாகவே பார்க்கும் அக்கமெராவில் நீண்ட வில்லைகளைக் கையாளுதல் எளிது. ஆதலின் தூரமானிக் கமெராக்கான 135 மில்லிமீற்றர் வில்லைகளை நாடுவோர் குறைந்தனர். இன்றும் சேகரிப்போர் 35, 50 மில்லிமீற்றர் வில்லைகளுக்குப் பெரும்பொருள் கொடுக்கின்றனர். 135 மில்லிமீற்றர் வில்லையை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மலிவுக்குக் காரணம் தரக்குறைவன்று. பயன்படுத்துவதிலுள்ள இடர்ப்பாடே என்பது இதனாற் பெறப்படும்.

வாங்கப் புகுவோர் முதலில் பொருத்தும் வாயைப் பார்த்தல் வேண்டும். 39 மில்லிமீற்றர் விட்டமுள்ள திருகு வாய் கொண்டவை பழைய லைக்கா, சோர்க்கி, பெட் ஆகியவற்றுக்குப் பொருந்தும். 1954 இல் வந்த லைக்கா எம் மூன்று முதலியவற்றுக்கு ஓர் இடைவளையம் வைத்துப் பொருத்தலாம். ஜூப்பிட்டர்-11 இல் கொண்டாக்ஸ், கீவ் கமெராக்களுக்கான வேறொரு வாய் கொண்டதும் உண்டு. அது லைக்காவிற் பொருந்தாது. தோற்றத்தில் ஒத்திருத்தலால் இதில் ஏமாறுவோர் உளர்.

அடுத்து, மின்சூள் விளக்கின் ஒளியை வில்லையின் ஒரு புறத்திற் பாய்ச்சி மறுபுறத்திலிருந்து சாய்வாக நோக்குக. சிலந்தி நூல்போற் கிளைத்துத் தோன்றுவது பூஞ்சணம். வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களிலே கடலோர வீடுகளில் தோலுறைக்குள் வைத்த வில்லைகளை இது எளிதிற் பற்றும். வில்லையைத் தோலுறையினின்றும் எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் காற்றுப்புகாத பெட்டியில் வைத்தல் நன்று. வெண்புகை படர்ந்தாற்போன்ற மங்கல் இருப்பின் ஒளிக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளுத்துப்போம். சிறு தூசியும் ஓரிரு கீறலும் பெருங்கேடு செய்யா. குவிய வளையம் இறுகியிருப்பின் பழைய மசகு உறைந்துவிட்டது என அறிக, அது திருத்தக்கூடியதே.

இவையெல்லாம் நன்றாயிருப்பினும் உடன்பாட்டுப் பரிசோதனை செய்யாது வில்லையை நம்பற்க. அதற்குக் கல்லூரித் தாழ்வாரம் ஒன்றே போதும். பதினொரு கடதாசித் துண்டுகளில் 1 முதல் 11 வரை பெரிதாக எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு கதிரையின் சாய்விலே ஒட்டுக. அக்கதிரைகளை ஒன்றுக்கொன்று 20 சென்ரிமீற்றர் முன்பின்னாகவும், ஒன்றையொன்று மறையாதவாறு சற்றே பக்கவாட்டிலும் நிறுத்துக. கமெராவை முக்காலியில் அமைத்து, ஆறாம் எண் ஐந்து மீற்றர் தூரத்தில் இருக்குமாறு செய்க. துவாரத்தை முழுதுந் திறந்து, தூரமானியால் ஆறாம் எண்ணை ஒன்றாக்கிப் படம் எடுக்க. ஒவ்வொரு முறையும் வளையத்தைக் குலைத்து மீண்டும் ஒன்றாக்கி மூன்று படங்கள் எடுத்தல் நலம். கழுவிய நெகற்றிவை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, எவ்வெண் மிகத் தெளிவாயுள்ளது எனக் காண்க. மூன்றிலும் ஆறே தெளிந்தால் வில்லை நம்பத்தக்கது. மூன்றிலும் எட்டே தெளிந்தால் வில்லையின் அமைப்பிற் பிழை, திருத்துநரிடம் செல்க. ஒரு படத்தில் நான்கும் மற்றொன்றில் எட்டுமாக மாறிவந்தால் நம் கண்ணிலோ கையிலோ தளர்ச்சி. மிகத் தொலைவிலுள்ள ஒரு பொருளையும் இவ்வாறே துவாரம் முழுதுந் திறந்து எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு சுருளின் விலை இதற்குச் செலவாகும். அச்செலவை மிச்சம்பிடித்த நான் கொடுத்த விலை யாது என்பதை மேலே கூறினேன்.

இனிப் பயன்படுத்தும் முறை. 135 மில்லிமீற்றர் வில்லை, 100 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 27 மீற்றர் அகலமும் 18 மீற்றர் உயரமும் உள்ள பரப்பையே பிலிமில் அடக்கும். டச்சுக் குடாக் கரையில் நின்று, கரைவலை இழுப்போரின் வரிசையை அந்தத் தூரத்தில் எடுக்க இது பொருத்தம். பிரடெரிக் கோட்டையில் உலாவும் புள்ளிமான் 15 மீற்றர் தூரத்தில் நின்றால், படத்தின் அகலம் நான்கு மீற்றர். மான் அளவாக அமையும். சுவாமி பாறையிலிருந்து நோக்குவோர்க்குச் சில காலங்களில் நீலத்திமிங்கிலம் தென்படும். அது ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால், 25 மீற்றர் நீளமுள்ள அவ்வுயிரும் படத்தின் அகலத்திற் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே தோன்றும். எனவே இவ்வில்லையிடம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்த்தல் தகாது. தூரமானியால் நம்பகமாக அளந்து எடுக்கத்தக்க எல்லையும் ஏறத்தாழ 135 மில்லிமீற்றரே. அதனினும் நீண்ட 200 மில்லிமீற்றர் வில்லைக்கென லைற்ஸ் நிறுவனமே 1935 இல் ஓர் ஆடிப்பெட்டியைச் செய்யவேண்டியதாயிற்று.

பத்து மீற்றரில் எஃப் 4 இல் தெளிவாய் விழும் ஆழம் ஏறக்குறைய 1.3 மீற்றர், எஃப் 8 இல் 2.7 மீற்றர். மூன்று மீற்றரில் எஃப் 4 இல் அது 12 சென்ரிமீற்றருக்குச் சுருங்கும். மூக்கு தெளிந்தால் காது மங்கும் அளவு அது. ஆகவே வெளிச்சம் இடங்கொடுக்குமிடத்து எஃப் 8 அல்லது 11 இல் எடுப்பதே அறிவுடைமை. நம்மூர் நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 சுருளுக்கு எஃப் 11 உம் 250 இல் ஒரு விநாடியும், அன்றி எஃப் 8 உம் 500 இல் ஒரு விநாடியும் பொருந்தும். 125 இல் ஒரு விநாடிக்குக் குறைந்த வேகத்தில் கையிற் பிடித்து எடுத்தல் ஆகாது. வில்லை நீளுந்தோறும் கைநடுக்கமும் பெருகித் தோன்றும்.

கமெராவின் சாதாரணச் சாளரம் 50 மில்லிமீற்றர்க் காட்சியையே காட்டும். எனவே 135 மில்லிமீற்றருக்குரிய துணைச்சாளரம் ஒன்றைத் தலையில் பொருத்துதல் வேண்டும். அது வில்லைக்கு மேலே இருப்பதால், கிட்டிய பொருளை எடுக்கும்பொழுது தலை வெட்டுண்டு போதல் உண்டு. சாளரத்தில் தூரத்தைத் திருத்தும் அமைப்பு இருப்பின் பயன்படுத்துக. இல்லையேல் தலைக்கு மேல் சற்று வெளிவிட்டு எடுக்க.

நம் கரை கிழக்கு நோக்கியது. காலையிற் கடலைப் பார்த்து நிற்போர்க்கு ஞாயிறு நேரெதிரே இருக்கும். மேற்பூச்சு இல்லாத பழைய வில்லைகளுக்கு அவ்வொளி பகை, வெயில்மறைப்பு இன்றியமையாதது. மாலையில் ஒளி தரைப்பக்கமிருந்து வீசுவதால் தோணிகளும் பாறைகளும் நன்கு துலங்கும். மற்றுமோர் எச்சரிக்கை: இக்கமெராக்கள் பலவற்றின் உள்மூடி துணியாலானது. மூடியிடாத வில்லையை ஞாயிற்றுக்கு நேரே காட்டி வைத்தால், தீக்கண்ணாடி பஞ்சைச் சுடுவதுபோல அது துணியிற் பொத்தலிடும். எடுக்காத வேளையில் வில்லையை மூடி வைத்தல் வேண்டும்.

கருவி பற்றி இவ்வளவு கூறியபின், கையாள்வோர் பற்றியும் ஒரு சொல். நம்முடையது துறைமுக நகர். சுவாமி பாறைக்குச் செல்லும் வழி கோட்டையூடாகவே செல்கின்றது. கடற்படைத் தளமும் இங்கேயே உள்ளது. 2009 இல் முடிவுற்ற நெடும்போரின் ஆண்டுகளில் இங்கு வாழ்ந்தோர்க்கு, நீண்ட குழாய் ஒன்றைக் கண்ணில் வைத்து நிற்பவனைக் கண்டால் உள்ளம் துணுக்குறுதல் இயல்பு. தடுக்கப்பட்ட இடங்களைப் படம் எடாதீர். ஐயமுள்ள இடத்திற் கேட்டபின் எடுங்கள். கோயிலில் வழிபடுவோரையும், கரையில் உழைப்போரையும், துயருற்றோரையும் தூரத்தே மறைந்து நின்று எடுத்தல் நாகரிகமன்று. தூரவில்லை, ஒருவரின் இயல்பைக் குலையாது விலகி நிற்க உதவும் கருவியேயன்றி, அவர் அறியாது கவர்தற்குரிய கருவியன்று.

திருஞானசம்பந்தர் பாடிய கோணமாமலையின் அடியிலே, கடலினுள் மூழ்கிக் கிடந்த பழங்கோயிலின் சிதைவுகளை 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் நீர்மூழ்கிக் கண்டனர். கிளார்க் அதனைத் தம் நூலிற் பதிந்து 1957 இல் வெளியிட்டார். அவர்கள் பொருளின் அருகே சென்றனர். செல்லக்கூடிய இடத்துக்கு அருகே செல்வதே சிறந்தது. செல்லலாகாத இடத்துக்கே தூரவில்லை. இவ்வேறுபாட்டை யான் அன்று உணர்ந்திருந்தால், வேப்பமரத்தடிக்குச் சென்று, "ஐயா, ஒரு படம் எடுக்கட்டுமா?" எனக் கேட்டிருப்பேன். முகத்தைத் திருப்பியிருந்தாலும், பழைய மாணவன் கேட்டால் மறுத்திருக்கமாட்டார் என்றே இன்று தோன்றுகிறது.

அப்படம் இப்பொழுதும் என்னிடம் உண்டு. முகம் தெளிவில்லையாயினும், தலையைச் சற்றே சாய்த்து மாணவர் சொல்வதைக் கேட்கும் அந்நிலையை அவரிடம் கற்றவர் எவரும் கண்டவுடன் அறிவர். வில்லை இன்று திருத்தப்பட்டுவிட்டது. கடந்த பரிசளிப்பு விழாவில் அதே முற்றத்தில், அதே தூரத்தில், எஃப் 4 இலேயே மாணவர் சிலரைப் படம் எடுத்தேன். கண்ணிமை மயிரும் எண்ணத்தக்கதாய்த் தெளிந்தது.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். இடப்பெயர்வுகளிலும் 2004 மார்கழி 26 ஆம் நாள் கடற்கோளிலும் நம் ஊரார் பலர் தம் வீட்டுப் படங்களை இழந்தனர். உங்கள் தந்தையரோ பாட்டனாரோ விட்டுச்சென்ற பழைய கமெராக்களும் வில்லைகளும் அலுமாரியில் இருக்குமாயின், பயனற்றவை என எறிந்துவிடாதீர்கள். விளக்கொளியிற் பார்த்து, தாழ்வாரத்திற் பரிசோதித்து, ஒரு மாணவன் கையில் கொடுங்கள். உங்களிடமுள்ள கல்லூரிக்காலப் படங்களின் பிரதிகளையும் கல்லூரிக்கு அனுப்புங்கள். நம் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கும்பொழுதே, அவர்தம் முகங்கள் தெளிவாகப் பதியட்டும்.